சிறைவாசிகளுக்கு நாம் கொண்டுசெல்ல மறந்தது



சென்ற ரமளானில் எமது ஜமாஅத்தின் சார்பில் மத்திய சிறை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பேரீச்சம்பழப் பெட்டிகள், நோன்புக் கஞ்சிக்கான பொருட்கள், சில முஸ்ஹஃபுகள், தொழுகை விரிப்புகள் என்று ஆண்டுதோறும் கொண்டுசெல்பவைதாம். முஸ்லிம் சிறைவாசிகளிடையே அரைமணி நேரம் பயான் செய்யவும் அனுமதி கிடைத்தது. கோபத்தைப் பற்றிப் பேசினோம். உபதேசம் கேட்டு வந்த மனிதரிடம் கோபம் கொள்ள வேண்டாம் என்பதையே நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்வையும், நிற்கும்போது கோபம் வந்தால் உட்காரும்படியும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளும்படியும் அவர்கள் கற்பித்ததையும் எடுத்துரைத்தோம். துஆவுடன் சபை நிறைவுற்றது.

அதன்பின் ஓர் இளைஞர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். முகத்தை அடையாளம் காணச் சற்று நேரமாயிற்று. ஒன்பது வயதில் எமது மக்தபில் ஓதியவர். ஜுஸ்உ அம்மாவை மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே மனனம் செய்து முடித்தவர். தேநீர்க் கடை வாசலில் இருசக்கர வாகனம் நிறுத்துவதில் எழுந்த வாய்த்தகராறு, கையில் அகப்பட்ட இரும்புக் கம்பி, எதிரே நின்றவருக்கு ஒரு கண் போயிற்று. அவர் சிறைக்கு வந்த கதை இவ்வளவுதான்.

"ஹஜ்ரத், நீங்கள் இன்று சொன்ன ஹதீஸை உங்களிடம்தான் மனப்பாடம் செய்தேன். அன்று இரவும் அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உட்கார்ந்தால் என்னை என்னவென்று நினைப்பார்கள்?"

எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பொறுமையாக இருங்கள், துஆச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்த இளைஞர் கேட்டது மார்க்கச் சட்டம் அன்று. சட்டம் அவருக்குத் தெரியும். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரத்தம் கொதிக்கும்போது, அதைச் செயலில் கொண்டுவரும் பயிற்சியைக் கேட்டார். அத்தகைய பயிற்சியை நாம் எவருக்கும் கொடுத்ததில்லை.

கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிரீன் ஹேவன் என்னும் சிறை உள்ளது. 1975-ஆம் ஆண்டில் அங்கிருந்த கைதிகள் சிலர், தம்மைப் போலவே வழிதவறிச் சென்றுகொண்டிருந்த இளைஞர்களைத் தடுக்க வேண்டும் என்று விரும்பினர். எப்படி என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. எனவே குவேக்கர்களை உதவிக்கு அழைத்தனர். குவேக்கர்கள் என்போர் போரையும் வன்முறையையும் மறுக்கும் ஒரு சிறு கிறிஸ்தவப் பிரிவினர். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1971-இல், அதே மாநிலத்தின் அட்டிக்கா சிறையில் நடந்த கிளர்ச்சியிலும் அது அடக்கப்பட்டதிலுமாகக் கைதிகளும் சிறைப் பணியாளர்களும் 43 பேர் மாண்டிருந்தனர். அந்த நினைவு ஆறாத காலத்தில், சீர்திருத்த வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவரும் வலியச் செல்லவில்லை. அழைப்பு சிறைக்குள்ளிருந்தே வந்தது. அப்படிப் பிறந்ததுதான் 'வன்முறைக்கு மாற்று' என்னும் பொருள்படும் பெயருடைய பயிற்சித் திட்டம். இன்று அது பல நாடுகளில் நடைபெறுகிறது.

அதன் முறை எளிது. இரண்டு மூன்று நாட்கள் பயிலரங்கு நடக்கும். நாற்காலிகள் வட்டமாகப் போடப்படும். நடத்துவோர் ஊதியம் பெறாத தன்னார்வலர். பங்கேற்போரும் தாமே விரும்பி வந்தவர்கள். ஒவ்வொருவரும் தம் பெயருக்கு முன்னால், அதே எழுத்தில் தொடங்கும் ஒரு நற்பண்பைச் சேர்த்துக்கொள்வர். நம் மொழியில் சொல்வதானால் 'நிதான நிஸார்' என்பது போல. வழக்கு எண்ணாலும் குற்றத்தின் பெயராலுமே அழைக்கப்பட்டுப் பழகிய மனிதர் மூன்று நாட்கள் நற்பண்போடு சேர்த்து அழைக்கப்படுகிறார்.

பிறகு நாடகம் போல ஒரு சண்டையை நடித்துப் பார்ப்பார்கள். ஒருவர் வசைபாடுவார், மற்றவர் எதிர்கொள்வார். நடுவில் நிறுத்தி, இப்போது உமக்குள் என்ன நிகழ்கிறது, எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கருதினீர், வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்பார்கள். மீண்டும் நடிப்பார்கள். எதிர்வினைக்கு முன் சிந்திப்பது, எதிரில் இருப்பவரிடம் நன்மையை எதிர்பார்ப்பது, வன்முறையற்ற வழி ஒன்றைத் தேடிக் கேட்பது ஆகியவை அங்கே சுவரில் எழுதிவைக்கும் வாசகங்களாக நின்றுவிடுவதில்லை, உடலால் பழகப்படுகின்றன. அடுத்தடுத்த நிலைகளை முடித்த கைதிகளே பின்னர் பயிலரங்கை நடத்தும் குழுவிலும் இடம்பெறுகின்றனர். அங்கே எவரும் பயான் செய்வதில்லை. இதை எழுதும்போது எமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

குவேக்கர்களிடம் கற்க வேண்டிய நிலையா நமக்கு என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். நபித்துவத்திற்கு முன் மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணைநிற்க ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கை ஏற்பட்டது. இஸ்லாம் வந்த பின்பும் அதுபோன்ற ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவோம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அதற்கு மேல் இந்தக் கேள்வியில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

உண்மையில் முடிவெடுப்பதைக் கற்பிப்பது நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதைப் போல, எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். எல்லாக் காரியங்களிலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாமோ அதைப் பெண் பார்க்கும் காலத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டோம். மஷ்வராவை ஜமாஅத் நிர்வாகக் கூட்டத்துக்கு ஒதுக்கினோம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு காரியத்தில் இறங்குமுன் சற்று நின்று, யாரிடமேனும் கேட்டு, அல்லாஹ்விடமும் கேட்டு, பிறகு அடியெடுத்து வைக்கும் பழக்கத்தை எந்த வகுப்பில் பெறுகிறது?

உமர் (ரலி) அவர்களின் சபைக்கு உயைனா என்பவர் வந்து, நீர் எங்களுக்கு நீதி செய்வதில்லை என்று முகத்துக்கு நேரே பழித்தார். கலீஃபாவுக்குக் கடுங்கோபம், அடிக்கவே முனைந்துவிட்டார்கள். அருகிலிருந்த இளைஞர் ஹுர்ரு இப்னு கைஸ் (ரலி), அறிவீனர்களைப் புறக்கணிக்கும்படி கூறும் இறைவசனத்தை ஓதினார். உமர் (ரலி) அவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். இதை உமரின் தக்வாவுக்குச் சான்றாகவே மேடைகளில் சொல்லி வந்தோம். சிறையிலிருந்து திரும்பிய பின்னர்தான் மற்றொன்றும் கண்ணில் பட்டது: அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஹுர்ரு இருந்தார். தேநீர்க் கடை வாசலில் நின்ற பத்துப் பேரில் அப்படி ஒருவர் இல்லை.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் நாம் பாதியாகவே ஓதுகிறோம். இரு கைதிகள் தம் கனவுக்கு விளக்கம் கேட்டு வந்தபோது, அவர்களைச் சிறைத்தோழர்கள் என்றே உரிமையோடு அழைத்து, பல தெய்வங்கள் மேலா, ஒரே இறைவன் மேலா என்று வினவினார்கள் அந்த நபி. சிறையில் அவர்கள் செய்த அழைப்புப் பணியிலும் ஒரு வினா இருந்தது; கேட்பவர் தாமே எண்ணி முடிவுசெய்ய இடமிருந்தது. பின்னர் மன்னரிடமிருந்து அழைப்பு வந்தபோது, பல்லாண்டுச் சிறைவாசத்துக்குப் பின்னும் அவர்கள் ஓடி வெளியேறவில்லை. தூதரைத் திருப்பி அனுப்பி, அந்தப் பெண்களின் விவகாரத்தை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். திறந்த கதவின் முன் நின்று, இப்போது வேண்டாம் என்று சொல்லும் முடிவு எவ்வளவு கடினமானது என்பதைச் சிறைவாசிகளைவிட நன்கு அறிந்தவர் யார்?

முடிவெடுக்கும் ஆற்றலைச் சிறை வளர்ப்பதில்லை, தேயவைக்கிறது. எப்போது எழுவது, என்ன உண்பது, எப்போது அறைக்குள் செல்வது என்று அனைத்தையும் வேறொருவர் தீர்மானிக்கிறார். பல்லாண்டுகள் இவ்வாறு வாழ்ந்த மனிதரை ஒரு நாள் காலையில் வாயிலுக்கு வெளியே விடுகிறோம். எங்கே தங்குவது, பழைய நண்பன் அழைத்தால் போவதா, வேலை தர மறுத்தவரிடம் என்ன சொல்வது என்று அன்று மாலைக்குள் நூறு முடிவுகள் அவரை எதிர்கொள்கின்றன. அவற்றுள் ஒன்று பிழைத்தாலும், பார்த்தீர்களா, இவன் திருந்தமாட்டான் என்கிறோம். தண்டனை பெற்றவர்கள் மட்டுமா? 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். எந்த வழக்கறிஞரை நம்புவது, எந்தத் தாளில் கையொப்பமிடுவது என்று தீர்ப்புக்கு முன்பே வாழ்க்கையை மாற்றும் முடிவுகளை எடுத்தாக வேண்டியவர்கள் அவர்கள்.

இதனால் பயன் உண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. சிகாகோ நகரின் சிறார் தடுப்புக் காவல் மையத்தில், தன்னியக்கமாக எழும் எண்ணத்தை நிறுத்தி மறுபடி பார்க்கும் பயிற்சி இளையோருக்கு அளிக்கப்பட்டது. அங்கே பயிற்சி அளித்தவர்கள் தன்னார்வலர் அல்லர், மையத்தின் பணியாளர்களே. பயிற்சி பெற்றவர்கள் மீண்டும் அந்த மையத்துக்கு வருவது 21 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டனர். அந்நகரப் பள்ளிகளில் நடந்த இதுபோன்ற பயிற்சியில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பையன் கையில் பந்தைக் கொடுத்து மூடச் சொல்வார்கள். அதை வாங்க இன்னொருவனுக்கு 30 விநாடி. இருவரும் கட்டிப் புரண்டு முடித்த பின், பந்தைத் தா என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று ஆசிரியர் வினவுவார். கேட்டாலும் தந்திருக்கமாட்டான் என்பதே பையன்களின் முதல் பதிலாக இருக்கும். எதிராளியிடமோ, சும்மா ஒரு பந்துதானே, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்ற பதில் கிடைக்கும். இதை எமது மக்தபில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துச் செய்து பார்த்தோம். இரண்டு சட்டைகளின் பொத்தான்கள் போயின. ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

கண்ணை இழந்தவரை மறந்துவிட்டு அடித்தவருக்குப் பரிவு காட்டுகிறோமா என்ற கேள்வி நியாயமானது. அவரும் இவ்வூரார், அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அவருடைய உரிமை எந்தப் பயிலரங்காலும் தீராது. மருத்துவச் செலவுக்கு ஜமாஅத் என்ன செய்தது என்பதைத் தனியாகவே கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் சிறையிலிருந்து திரும்பும் மனிதர் அதே தெருவுக்குத்தான் திரும்புகிறார். அதே தேநீர்க் கடை வாசலில் அவர்கள் இருவரும் ஒருநாள் எதிரெதிரே நிற்பார்கள். அன்று என்ன நடக்க வேண்டும் என்பதே அவ்விரு குடும்பங்களுக்கும் இப்போதுள்ள கவலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த இளைஞர் சிறுவராக இருந்தபோது சக மாணவனோடு சண்டையிட்டார் என்பதற்காக நாம் அவரைப் பிரம்பால் அடித்ததுண்டு. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கோபம் கூடாது என்று சொல்லிக்கொண்டே கோபத்தோடு அடித்தோம். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் முன்னிலையில் சினம் கொண்டவன் என்ன செய்வான் என்பதற்கு அவருக்குக் கிடைத்த முதல் பாடங்களில் ஒன்று எமது கையால் கிடைத்தது. ஹதீஸை வாயால் கற்றார். மற்றதைக் கண்ணால் கற்றார்.

இப்போது நாம் செய்திருப்பது மிகச் சிறிது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், மனநல ஆலோசனை பயின்ற சகோதரி ஒருவர், கல்லூரி மாணவர் இருவர் ஆகியோருடன் சேர்ந்து, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், எம்மதத்தவராயினும் விரும்பும் சிறைவாசிகளோடு வட்டமாக அமர்ந்து பேசவும் பழகவும் அனுமதி கோரிச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு அளித்திருக்கிறோம். பதில் வரவில்லை. வரும்வரை ஞாயிறு தோறும் மக்தபில் நாங்களே பழகிக்கொண்டிருக்கிறோம். அனுமதி கிடைத்த பின் கற்கத் தொடங்கினால் மீண்டும் பயானில்தான் போய் முடியும் என்ற அச்சம் எமக்கு உண்டு.

சென்ற மாதம் அந்த இளைஞரின் தாயாரோடு மனுப் போட்டு அவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். செய்தியைச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "வாருங்கள் ஹஜ்ரத், ஆனால் முதல் நாள் அடிபடும் ஆளாக நீங்கள் நடியுங்கள்" என்றார். தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.