வளையத்துக்குள்ளே வளையம்!

ஃபேர்வெல்னா கிஃப்ட் ஷாப்ல டெடி பியரைத் தூக்கிட்டு வர்ற ஆளா நீங்க? இந்தத் தடவை நீங்களே பின்னுங்களேன்!

'ஐயோ, ஸ்வெட்டரா?'ன்னு அலறாதீங்க. சென்னை வெயில்ல அதை யார் போடுறது? மேல்படிப்புக்கு டெல்லி கிளம்புற தோழிக்கு ஒரு மஃப்ளர் போதும். ஜனவரி ராத்திரியில அங்கே 5 டிகிரிக்குக் கீழேகூட போகும். உள்ளூர் ஃப்ரெண்டுன்னா பருத்தி நூல்ல செல்போன் பை.

நிட்டிங் ரகசியம் ரொம்ப சிம்பிள். ஒரே நூல், வளையத்துக்குள்ளே வளையம். பனியனை இழுத்தா நீளுது, வேட்டி நீளலையே... ஏன்? வேட்டி நெய்தது, பனியன் பின்னினது! இந்தக் கைவேலைக்கு 1589-ல் மெஷின் செஞ்சவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ. திருப்பூர் மெஷின்கள் இன்னிக்கும் போடுறது அதே வளையத்தைத்தான்.

4 மி.மீ. ஊசி ரெண்டு, கம்பளி நூல், 36 வளையம். எல்லா வரிசையும் ஒரே பின்னல். நடுவுல ஒரு வளையம் நழுவினா, கீழ் வரிசைகளும் ஏணி மாதிரி பிரியும். பதறாம குரோஷா ஊசியால ஒவ்வொண்ணா மேலே தூக்குங்க. புரியலையா? அத்தை, பாட்டிகிட்ட கேளுங்க. ஸ்கூல் தையல் கிளாஸ்ல கத்துக்கிட்டு, அப்புறம் யாருமே கேட்காததால மறந்துபோனவங்க நிறைய பேர். ஊசியைக் கையில கொடுத்தா விரல் ஞாபகம் வெச்சிருக்கும்!

இன்னிக்கே ஆரம்பிங்க. ஃபேர்வெல்லுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்தா கர்ச்சீப்தான் தேறும். டிசம்பர் வர்றப்போ உங்களுக்குள்ள மெசேஜ் குறைஞ்சிருக்கலாம். டெல்லிக் குளிர் குறையாது. அவங்க மஃப்ளரைத் தேடுவாங்க, பாஸ்!