கடல் கடந்த உரிமைக்குரலும் கண்ணெதிர்ச் சிறையும்

ஓரினத்தை அதன் தாய்மண்ணிலேயே ஓர் அரசு கொன்று குவிக்குங்கால், பிற நாட்டு மக்கள் மன்றங்கள் வாய்மூடியிருத்தல் அக்கொலைக்குத் துணைபோதலேயாம். 'அஃது அவர்தம் உள்நாட்டுச் செய்தி' என்பது கொலைஞர்க்கு உகந்த வாய்பாடு.

நம் சட்டமன்றம் வாய்மூடியிருக்கவில்லை. 'இலங்கையை நட்பு நாடென அழைப்பதை நிறுத்துக. தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்தச் செய்க' என நடுவணரசை வலியுறுத்தி, 27.3.2013 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. சரியாக ஓராண்டு சென்றது. 27.3.2014 அன்று செனீவாவில், ஐ.நா. மாந்தவுரிமைப் பேரவையில், பன்னாட்டு உசாவல் வாக்கெடுப்புக்கு வந்தது. இந்திய அரசோ வாக்களியாது ஒதுங்கிக்கொண்டது! ஏழு கோடித் தமிழரின் மன்றம் உரைத்தது அங்கு ஒரு வாக்காகவும் மாறவில்லை. அயலுறவு முழுவதும் நடுவணரசின் பட்டியலில் அடைபட்டுக் கிடப்பதே காரணம்.

எனின், மாநில மன்றம் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. கனடாவின் ஒண்டாரியோவும் ஒரு மாநிலமே. அயலுறவு அதன் கையிலும் இல்லை. ஆயினும், கல்வி அதன் கையிலிருந்தது. விசய் தணிகாசலம் என்னும் தமிழ் உறுப்பினர் கொணர்ந்த முன்வரைவை ஏற்று, மே 18-இல் நிறைவுறும் ஏழு நாள்களையும் தமிழினக்கொலைக் கல்விக் கிழமையாக அம்மன்றம் 2021-இல் சட்டமாக்கியது. தன் கைக்கு எட்டியதைச் செய்தது. அதனால் அதன் சொல் வலிவுற்றது.

நம் மன்றத்தின் கைக்கு எட்டியது எது? மாங்காட்டினின்று நடந்தே செல்லத்தக்க தொலைவிலுள்ள பூவிருந்தவல்லியைக் கேளுங்கள்! 'சிறப்பு முகாம்' என்னும் பெயரில் ஈழத்தமிழரை அடைத்துவைத்த இடம் அது. 1946-ஆம் ஆண்டு அயலார் சட்டத்தைக் காட்டி அதற்கு ஆணையிட்டது தில்லியன்று; தமிழக அரசே! கழகங்கள் மாறி மாறி ஆண்டன. முகாம் முறை மாறவில்லை. உச்ச முறைமன்றம் 11.11.2022 அன்று விடுவித்த சாந்தனும் திருச்சிராப்பள்ளி முகாமில்தான் மீண்டும் அடைக்கப்பட்டார். தாய்முகம் காண ஏங்கிய அவர், ஊர் திரும்பாமலே 28.2.2024 அன்று சென்னையில் மாய்ந்தார்.

ஈழத்தில் உரிமை வேண்டும் மன்றம், தன் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் ஈழத்தமிழனைத் தண்டனையின்றியே சிறைவைப்பது எவ்வாறு? உலகோர் இதனைக் கேட்டால் நம் உறுப்பினர் என்ன விடை பகர்வர்?

தீர்மானம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. அது தொடக்கமே; முடிவன்று. தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் முப்பத்தொன்பதின்மரும் செனீவா வாக்குக்குத் தில்லியில் கணக்குக் கேட்கட்டும். சட்டமன்றம் முகாம் முறையை ஒழிக்கட்டும்; முள்ளிவாய்க்கால் வரலாற்றைப் பள்ளிப் பாடமாக்கட்டும்.

தமிழர்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். கைதட்டி அனுப்பியது போதும். கணக்குக் கேட்டு அனுப்புங்கள்!