வாங்குக்கு மேல 12 வோல்ட் போதும்

போன வருசம் நல்லூர்த் திருவிழா நேரம் றோட்டோரக் கூல்பார் ஒண்டில குந்துவம் எண்டு போனன். இரும்புக் குழாயில சட்டம், மேல தகரம், கீழ ரெண்டு வாங்கு, சுத்திவர கலர் பல்ப் மாலை. குழாயைப் பிடிச்ச உடன சுள்ளெண்டு இழுத்தது. "அண்ணை, கரண்ட் அடிக்குது" எண்டன். அவர் பதறேல்ல. பின்னால போய் பிளக்கைக் கழட்டித் திருப்பிக் குத்தினார். "இப்ப பாரும் தம்பி." உண்மையாவே நிண்டிட்டுது. நானும் சர்பத்தைக் குடிச்சிட்டு வந்திட்டன்.

வீட்ட வந்து யோசிச்சாப் பிறகுதான் வயித்தைக் கலக்கினது. எங்கயோ உரஞ்சின வயர் ஒண்டு குழாயில முட்டிக்கொண்டு இருந்திருக்கு. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிக் குத்தினா லைவும் நியூட்ரலும் இடம் மாறும். முதல் லைவ் முட்டின குழாயில இப்ப நியூட்ரல் முட்டும், அவ்வளவுதான். உரஞ்சின வயர் அப்பிடியே இருக்கு. அடுத்த நாள் கடைப் பெடியன் பிளக்கை மற்றப் பக்கமாக் குத்தினா திரும்பவும் குழாயில கரண்ட். நான் செருப்புப் போட்டிருந்தன். கோயிலடியில பாதிச் சனம் வெறுங்கால்.

எங்கட மின்சாரம் 230 வோல்ட். தோல் நனைஞ்ச உடம்பின்ர தடையை ஏறக்குறைய 1000 ஓம் எண்டு வைச்சா, உடம்புக்கால பாயிறது 230 மில்லி ஆம்பியர். இதயத்தின்ர துடிப்பைக் குழப்ப அது தாராளம். ஆனா வீட்டில இருக்கிற 6 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்ல, அது வயரைக் காப்பாத்த இருக்கிற சாமான். ஆளைக் காப்பாத்திறது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். அதுவும் எர்த் இல்லாத ரெண்டு கோர் வயரில ஒரு கொட்டகைக்குக் கரண்ட் எடுத்தா, குழாயில லைவ் முட்டியும் ட்ரிப் விழாமல் இருக்கலாம். யாராவது தொட்டு, கரண்ட் அவருக்கால நிலத்துக்குப் போகேக்கதான் விழும். புதுசா வீட்டுக்கு மின் இணைப்பு எடுக்க வயரிங் ரிப்போட் கேக்கிறாங்கள். அதே வீட்டில இருந்து மதிலுக்கு மேலால ஒரு வயர் றோட்டுக்கு வந்தா ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறதில்ல.

என்ர கருத்து இதுதான்: சனம் இருக்கிற வாங்கு, கதிரை, கொட்டகைச் சட்டம் எதிலயும் 230 வோல்ட் வயர் போகவே கூடாது. மிக்சி, ஃபிரிட்ஜுக்கு வேணுமெண்டா அது ஆக்கள் இருக்கிற பக்கத்தில இருந்து விலகி, மூண்டு கோர் வயரில, 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்போட வரட்டும். வெளிச்சத்துக்கு 12 வோல்ட் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. 5 வாட் எல்.ஈ.டி மூண்டு, பின்னேரம் ஆறு தொடக்கம் பத்து வரை: 60 வாட்-மணி. 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி பற்றரி ஒண்டில 144 இருக்கு, பாதிக்கும் குறைவாத்தான் இறங்கும். யாழ்ப்பாண வெயிலுக்கு 30 வாட் சோலார் தகடு பகலில அதை நிரப்பிப்போடும். ஒரு கொட்டகைக்கு இது காணும்.

ஆனா "சோலார்தானே, பயமில்ல" எண்டு சொல்றவையோடயும் எனக்குக் கோவம். பற்றரியில ஒரு சின்ன இன்வேர்ட்டரைக் கொழுவி பழைய பல்ப் மாலையை எரிச்சா, விட்டுட்டு வந்த 230 வோல்ட் திரும்பவும் வாங்குக்கு மேல வந்திடும். அந்த இன்வேர்ட்டருக்கு ஒழுங்கான எர்த் இல்லாட்டி ட்ரிப் சுவிட்சையும் நம்பேலாது. 12 வோல்ட் ஆளை அடிக்காது, சரி. ஆனா பற்றரியின்ர ரெண்டு முனையும் முட்டினா நூறு ஆம்பியருக்கும் மேல பாயும். வயர் சிவந்து, ஓலைக் கொட்டகை எண்டா அதோட முடிஞ்சுது. பற்றரியின்ர பொசிட்டிவ் முனைக்குக் கிட்டவே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்டு போட்டா அது நடக்காது. ஒரு பிளேன் ரீயும் வடையும் வாங்கிற காசு அது. பற்றரி வாங்குக்குக் கீழ இல்லாமல் காத்துப்போற ஒரு பெட்டிக்குள்ள இருக்கவேணும். தகட்டைக் கம்பியால தகரத்தில சும்மா கட்டிறதும் சரிவராது. காத்துக்கு அது பாய்மரம் மாதிரி, ஆணி கழண்டா ஆற்றையும் தலையில விழும்.

இதை எழுத எனக்கு ஒரு பயமும் இருக்கு. எங்கட ஊரில பாதுகாப்பு விதி எண்டு ஒண்டு வந்தா முதல்ல தூக்கி எறியப்படுறது கச்சான் விக்கிற ஆச்சியின்ர ஸ்டூலும் மேசையும்தான். பெரிய கடைக்காரர் ஒரு கடிதத்தோட வந்து சமாளிச்சிடுவார். அதால விதியோட சாமானும் வரவேணும். கடை போட இடத்துக்கு எப்பிடியும் காசு வாங்கினம். அந்தக் காசில தகடு, பற்றரி, ஃபியூஸ், மூண்டு பல்ப் எல்லாத்தையும் ஒரு பெட்டியாக்கி சபையே வாடகைக்குக் குடுக்கட்டும், சின்னக் கடையளுக்கு இலவசமா. திருவிழா 25 நாள். நல்லூர் முடிய வல்லிபுரம் வரும், அதே பெட்டி அங்கயும் போகலாம். முதல் நாள் கொடி ஏற முன்னம் ஒரு எலெக்ட்ரீசியன் டெஸ்டரோட வீதியைச் சுத்தி வந்து குழாயளைத் தொட்டுப் பாக்கட்டும். பிறகு மழை பெஞ்சா அண்டைக்கும் ஒருக்கா.