பல கர்சர்களும் பாடவேறுபாடுகளும்

உரைத்திருத்தியில் ஒரே நேரத்தில் பல இடங்களில் கர்சரை நிறுத்தி, ஒருமுறை தட்டும் எழுத்து அத்தனை இடங்களிலும் பதியும்படி செய்யும் வசதி நிரலாளர்களின் தேவையிலிருந்து பிறந்தது. இமாக்ஸுக்கு மாக்னார் ஸ்வேன் எழுதிய ‘மல்டிபிள் கர்சர்ஸ்’, விம்முக்கான ‘விஷுவல் மல்டி’ ஆகியவை இதற்கெனத் தனியே நிறுவப்படும் செருகுநிரல்கள்; வி.எஸ். கோடிலும் சப்லைம் டெக்ஸ்டிலும் இவ்வசதி உடன் வருகிறது. நிரலில் ஒரு மாறியின் பெயர் எங்கும் ஒரே வடிவில் இருந்தால்தான் நிரல் இயங்கும். ஆகவே எல்லா இடங்களையும் ஒரே அடியில் மாற்றுவது அங்கே குறைவற்ற நன்மை. சுவடிப் பதிப்பிலோ ஒரு சொல் இடத்துக்கு இடம் வடிவம் மாறி வருவதே ஆய்வுப்பொருளாக இருக்கிறது. நிரலாளரின் அமைப்புகளை அப்படியே ஏற்றுக்கொண்ட பதிப்பாளர், தாம் காக்க வேண்டியதையே தம் கையால் அழிக்கும் நிலைக்கு ஆளாகலாம் என்பதால், இவ்வசதியின் அமைப்பும் பதிப்பு நெறியின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.

புதுச்சேரியில் இது வெறும் கோட்பாட்டுக் கவலை அன்று. செயின்ட் லூயிஸ் வீதியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் காத்துவரும் சைவச் சுவடித் தொகுதி, ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்டது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005இல் அது சேர்க்கப்பட்டது. தி.வே. கோபாலய்யர் பதிப்பித்த தேவாரம் 1984 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடாக வந்ததும், 2007இல் இவ்விரு நிறுவனங்களும் இணைந்து டிஜிட்டல் தேவாரத்தை வெளியிட்டதும், ஓலையிலிருந்து அச்சுக்கும் அச்சிலிருந்து கணினிக்கும் ஒரே ஊர் நடந்த வழியைக் காட்டுகின்றன. இவ்வழியில் இனி நடப்போர் உரைத்திருத்தியோடுதான் நாள் முழுதும் பழகியாக வேண்டும்.

முதல் சிக்கல் எழுத்துக் குறியாக்கத்தில் தொடங்குகிறது. செருகுநிரல் ‘இதே போன்ற அடுத்த இடம்’ என்று தேடும்போது, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அது ஒப்பிடுவதில்லை; எழுத்துக்கு அடியில் இருக்கும் யூனிகோடு குறியெண்களையே ஒப்பிடுகிறது. ‘கொ’ என்னும் எழுத்தை ககரமும் ஒகரக்குறியும் என இரண்டு குறியெண்களாகவும், ககரமும் எகரக்கொம்பும் காலும் என மூன்றாகவும் எழுதலாம். யூனிகோடு தரநிலை இவ்விரண்டையும் சமமெனக் கொண்டாலும் பெரும்பாலான உரைத்திருத்திகளின் தேடல் அவ்வாறு கொள்வதில்லை. இதற்கு மருந்து, தொகுப்பு வடிவ இயல்பாக்கம், அதாவது சமமான வடிவங்களை ஒரே குறியெண் வரிசைக்குக் கொண்டுவரும் செயல். கோப்பைத் திறந்தவுடன் அதைச் செய்துவிடும்படி அமைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஸ, ஶ என்னும் இரு வேறு கிரந்த எழுத்துகளின் குறியெண்களால் எழுதப்பட்டு, பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும் ‘ஸ்ரீ’யையும், ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டிய ‘கௌ’வையும் இயல்பாக்கம் தொடுவதில்லை. இவற்றுக்குத் தனிப் பட்டியலும் தனித் திருத்தமும் வேண்டும்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. ‘ன’ என்பதைத் தெரிவு செய்து எல்லா இடங்களையும் கேட்டால், ‘ன்’, ‘னை’, ‘னோ’ ஆகியவற்றின் அடியிலுள்ள னகரமும் சேர்ந்தே சிக்கும். அம்புவிசையால் எல்லாக் கர்சர்களையும் நான்கு எழுத்து நகர்த்தும்போதும், ஒரு திருத்தி குறியெண்ணை எண்ண, இன்னொன்று முழு எழுத்தை எண்ணுவதால், சில கர்சர்கள் சொல்லுக்கு நடுவே நின்றுவிடுகின்றன. தமிழ் எழுத்துருக்களில் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாததால் நெடுக்கைப் பத்தித் தெரிவும் பயனற்றது. எழுத்தெழுத்தாக நகர்த்துவதை விட்டுச் சொல்லின் எல்லை, வரியின் முடிவு, குறியீட்டுச் சட்டத்தின் (டேக்) எல்லை ஆகியவற்றைப் பற்றி நகர்த்துவதே பாதுகாப்பு.

குறியாக்கப் பிழையைக் கருவியே ஓரளவு திருத்திவிடும். ஓலையின் எழுத்துமுறை எழுப்பும் சிக்கலைக் கருவி அறியவே அறியாது. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே கோடாகவே நிற்கும். ‘பாவை’ என்று படித்த இடம் ‘பரவை’யாகவும் இருக்கலாம். சுந்தரர் பதிகங்களைப் பதிப்பிப்பவருக்கு அது பொம்மையா, கடலா, திருவாரூர்ப் பரவையாரா என்பது பாட்டின் பொருளையே மாற்றும் வினா. ஓலையில் உள்ளபடியே எழுதிய படியில் நாற்பது இடங்களில் ஒரு சொல்லைத் தெரிவு செய்து ஒரே விசையில் புள்ளி வைப்பவர், நாற்பது தீர்ப்புகளைப் பார்க்காமலே வழங்கிவிடுகிறார். அவற்றுள் முப்பத்தொன்பது சரியாக அமைந்தாலும், தவறிய ஒன்று எது என்பதைப் பின்னால் வருபவர் கண்டுபிடிக்க வழியில்லை.

இக்காரணத்தால் விசைகளை அமைக்கும்போது ‘அடுத்ததைச் சேர்’, ‘இதைத் தாண்டு’ என்னும் இரண்டு கட்டளைகளுக்கு எளிய விசைகளையும், ‘எல்லாவற்றையும் சேர்’ என்பதற்கு எட்டாத விசையையும் தர வேண்டும். இமாக்ஸ் செருகுநிரல் தெரிவுக் கட்டளைகளுக்குத் தானாக எந்த விசையையும் ஒதுக்குவதில்லை என்பது இவ்வகையில் ஒரு நன்மை. விஷுவல் மல்டியில் கண்ட்ரோலும் ‘என்’னும் சேர்ந்து அடுத்த இடத்தைச் சேர்க்க, ‘கியூ’ தாண்டிச் செல்லும். வி.எஸ். கோடில் கண்ட்ரோலும் ‘டி’யும் ஒவ்வொன்றாகச் சேர்க்கும்; கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘எல்’ மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் பிடிக்கும் பிணைப்பைப் பதிப்புப் பணிக்கு நீக்கிவிடுவது தகும். கர்சர் இல்லாத வரிகளை மறைத்துக் காட்டும் வசதி இமாக்ஸ் செருகுநிரலில் உண்டு. மாற்றம் செய்யுமுன் அத்தனை இடங்களையும் ஒரே திரையில் படித்துப் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை. அதே செருகுநிரல், புதிய கட்டளை ஒன்றை முதன்முறை பயன்படுத்தும்போது எல்லாக் கர்சர்களுக்கும் செய்யலாமா என்று கேட்டு, விடையைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அவசரத்தில் சொன்ன ‘ஆம்’ பிறகு என்றும் கேட்கப்படாமல் செயல்படும் என்பதால், அக்கோப்பை அவ்வப்போது திறந்து பார்ப்பதும், குழுவினர் அனைவருக்கும் ஒரே கோப்பைத் தருவதும் அவசியம். வி.எஸ். கோடில் விசைப் பிணைப்புகள் திட்டக் கோப்புறையில் அடங்காமல் ஒவ்வொருவரின் சொந்தக் கோப்பில் இருப்பதால், அவற்றையும் தனியே படியெடுத்துக் கொடுக்க வேண்டும்.

எழுத்தைத் தொடாத வேலைகளில் இத்தயக்கம் தேவையில்லை. 1987இல் தொடங்கிய உரைக் குறியாக்க முன்முயற்சியின் நெறிப்படி, ஒரு பாடத்தையும் அதன் வேறுபாடுகளையும் சுவடிக் குறியெழுத்துகளோடு குறியீட்டுச் சட்டங்களுக்குள் பொதிவது ஒரேமாதிரியான, சலிப்பூட்டும் வேலை. பல வரிகளைப் படியெடுத்துக் கர்சருக்கு ஒரு வரியாகப் பரப்பி ஒட்டும் அமைப்பு இதில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். புதுச்சேரிக்கே உரிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டால், 1736 முதல் 1761 வரை நீளும் அந்த உரைநடையில் தமிழ் எழுத்தில் வரும் பிரெஞ்சு ஆட்பெயர்களையும் பதவிப்பெயர்களையும் இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுவது, அக்காலப் புதுச்சேரியின் காது அவற்றை எப்படிக் கேட்டது என்னும் சான்றை அழிப்பதாகும். பெயரைச் சுற்றிக் குறியீட்டுச் சட்டத்தை இட்டு, அதன் பண்புக்கூறில் பொது அடையாளம் ஒன்றைத் தந்தால், எழுத்துக்கூட்டல் பிள்ளையுடையதாகவே நிற்கப் பெயரடைவு முழுமை பெறும்; இங்கே நூறு கர்சர்கள் இருந்தாலும் கேடில்லை. அப்போதும் ஒவ்வொரு பன்முகத் திருத்தத்தையும் கிட் போன்ற மாற்றப் பதிவேட்டில் தனிப் பதிவாக்கி, தேடிய வடிவத்தையும் தாண்டிய இடங்களையும் அதன் குறிப்பில் எழுதுவது, அப்பதிப்பை அடுத்து எடுப்பவருக்குச் செய்யும் கடமை.