டி.ஏ.பி.,க்கு மாற்று சூப்பர். ஜிப்சத்துக்கு மாற்று சுண்ணாம்பு அல்ல

டி.ஏ.பி., உரத்துக்கு இறக்குமதியையே பெரிதும் நம்பியிருப்பதால், விதைப்பு நேரத்தில் அடிக்கடி தட்டுப்பாடு வருகிறது. ஒரு மூட்டை டி.ஏ.பி.,க்கு ஈடாக 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் இடலாம். டி.ஏ.பி.,யில் இல்லாத சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் கூடுதலாகக் கிடைக்கும். சூப்பரிலேயே ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், கலந்திருப்பதே காரணம்.

அதற்காக நிலக்கடலைக்கு ஜிப்சத்தை நிறுத்தக்கூடாது. இளங்காய்கள் சுண்ணாம்புச்சத்தை மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுபவை. இறவைக் கடலைக்கு 40-45ம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ இட்டு மண் அணைக்க வேண்டும். தவறினால் பொக்குக் காய்கள் பெருகும்.

விலை மலிவென்று சுண்ணாம்பு இடுவதும் தவறு. அது அமில நிலத்துக்கு உரியது; அதில் கந்தகம் இல்லை. களர் நிலத்தில் காரத்தன்மையைக் கூட்டும். களரைத் திருத்துவது ஜிப்சமே. மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.