மனனத்தில் வாடும் குறிஞ்சி

குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது யாது என்று வினவினால், கூதிரும் முன்பனியும் என்று நம் மாணவர் நொடியில் விடை பகர்வர். சிறுபொழுது யாமம், தெய்வம் சேயோன், பறை தொண்டகம் என்று கருப்பொருளையும் தடையின்றி அடுக்குவர். ஆனால் ஒரு மலையடியில் கால் நாழிகை பேசாது இருந்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள், திகைத்து நிற்பர். இது மாணவர் குற்றமன்று. வாழ்வின் இலக்கணமாகிய ஐந்திணையை ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணையாகச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதிப் போடும் கற்பித்தல் முறையின் குற்றம். அம்முறையை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

திணைக் கோட்பாட்டின் உயிர்நிலை எது? முதலும் கருவும் உரிக்காக வந்தவை. மலை புணர்தலையும், காடு இருத்தலையும், வயல் ஊடலையும், கடல் இரங்கலையும், வறண்ட வழி பிரிதலையும் உணர்த்தும் என்று வகுத்த முன்னோர் நிலநூல் எழுதவில்லை, மனநூல் எழுதினர். புறத்தே விரிந்து கிடக்கும் நிலத்தை அமைதியாக உற்று நோக்குகிறவனுக்கே அகம் புலப்படும் என்பது அவர்கள் கண்ட உண்மை. குறுந்தொகையில் கபிலர், தலைவியின் களவு மணத்திற்கு ஓடுநீரில் மீன் பார்த்து நிற்கும் ஒரு குருகைச் சாட்சியாக்கினார். அதன் மெல்லிய காலைத் தினைத்தாளோடு ஒப்பிட்டார். அந்தக் குருகைப் போலவே அசையாமல் நின்று பார்த்த ஒருவராலன்றி அவ்வுவமை பிறந்திருக்குமா? அதைத் தேர்வுக்குரிய உவமையணியாக மட்டும் கற்பித்துவிட்டு, இலக்கியம் கற்பித்தோம் என்று மகிழ்வது தேனடையின் படத்தைக் காட்டித் தேன் ஊட்டியதாக எண்ணுவதற்கு ஒப்பாகும்.

இச்செய்தி கோலாலம்பூருக்குப் புதிதன்று. பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பெற்ற இடத்தை ஆராய்ந்து, ஆங்கிலத்தில் நூல் எழுதி உலகறியச் செய்த தனிநாயக அடிகளார், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராக விளங்கியவர். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் கூடுவதற்குப் பெருங்காரணர் அவரே. மாநாட்டை நினைவுகூர்கின்றோம், அடிகளார் படத்திற்கு மாலை சூட்டுகின்றோம், நிலமும் கவிதையும் பிரிக்கலாகாதவை என்ற அவருடைய கருத்தை மட்டும் வகுப்பறை வாசலில் நிறுத்திவிடுகின்றோம்.

"கிள்ளான் பள்ளத்தாக்கில் காடு ஏது, கழி ஏது? எங்கே அழைத்துப் போவது?" என்பது வழக்கமான மறுப்பு. 1906இல் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்ட புக்கிட் நானாஸ், நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. பத்து எக்டேருக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டபோதிலும் அது காடுதான். பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் ஏறும் மாணவன் அக்காட்டின் பெயர் தாங்கிய நிலையத்திலேயே இறங்கலாம். அக்குன்றின்மேல் 1996இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் கோபுரத்தைக் கட்டியபோது, அங்கு நின்ற பழைய ஜெலுத்தோங் மரம் ஒன்றை வெட்டாது காத்தனர். பொறியாளர் ஒரு மரத்திற்கு வழி விட்டனர். நம் பாடவேளை அட்டவணை வழி விடாதோ?

கிள்ளான் மாணவர்க்கோ நெய்தல் வாசலிலேயே கிடக்கிறது. ஆறு கடலில் கலக்கும் அம்முகத்துவாரத்திற்கு எதிரே உள்ள தீவுகளில், சங்கப் பாடல்கள் கண்டல் என்று குறிக்கும் அலையாத்தி மரங்கள் இன்றும் வேரூன்றி நிற்கின்றன. 1972இல் பெயர் மாறும்வரை போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட அத்துறையில்தான் நம் முன்னோருள் பல்லாயிரவர் கப்பலிலிருந்து இறங்கினர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஊரையும் உறவையும் கடலுக்கப்பால் விட்டு வந்தவர்களின் பேரனும் பேத்தியும் அக்கரையில் அரைமணி நேரம் வாய்மூடி அமர்ந்தால், இரங்கல் என்னும் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. எந்தக் கோனார் உரையும் தரவியலாத விளக்கத்தை அந்தக் காற்று தரும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. "இயற்கையைப் போற்றுவது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கு. நம் மக்கள் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவேதான் வாழ்ந்தனர். அவர்கள் கண்டது அமைதியா? அட்டைக் கடியும் அரைவயிறும் அல்லவா?" என்பர். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் ரப்பர்த் தோட்டம் காடன்று. காட்டை அழித்து, ஒரே மரத்தை நேர்கோட்டில் நட்ட தொழிற்கூடம். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரங்களை எண்ணிச் சீவி, வாளி சுமந்து ஓடியவர்க்கு மரம் இருந்தது. அதை நிமிர்ந்து நோக்கும் பொழுது இல்லை. அவர்களுடைய உழைப்பு மட்டுமன்று, ஓய்ந்திருந்து தம்மைத் தாம் எண்ணிப் பார்க்கும் உரிமையும் பறிக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, அவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது மரமும் போயிற்று. பொழுது மட்டும் திரும்பவில்லை. ஆதலால் அமைதி செல்வரின் ஆடம்பரம் என்பது பிழை. அது நமக்கு மறுக்கப்பட்ட சொத்து. கூலியை உயர்த்தக் குரல் கொடுத்த சமுதாயம், தனக்குரிய மௌனத்தையும் கேட்டுப் பெறவேண்டும்.

அந்த மௌனத்தைப் பேணவேண்டிய இடங்களிலும் நாம் செய்வது என்ன? நாற்பது கோடி ஆண்டுப் பழமை உடையதென மதிப்பிடப்படும் சுண்ணாம்புப் பாறை பத்துமலை. 1891இல் தம்புசாமிப் பிள்ளை அக்குகையில் முருகனுக்குக் கோயில் கண்டார். வாளாவிருப்பதே முருகன் தமக்கு அருளிய உபதேசம் என்று பாடியவர் அருணகிரிநாதர். மௌனத்தை உபதேசித்த தெய்வத்தின் திருவிழாவில் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று விஞ்ச முழங்குகின்றன. பக்தியை நான் பழிக்கவில்லை. காவடியின் பறையொலிக்கு மரபு உண்டு. ஆனால் விழா முடிந்து மலை தன் அமைதிக்குத் திரும்பும் எஞ்சிய நாள்களில், அப்பாறை முன் சற்றே அமர மாணவரை யார் அழைத்துச் செல்கிறார்?

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமத்தின் கதையும் சிந்தனைக்குரியது. 1904இல் தோன்றிய அந்நிறுவனத்தின் வளாகத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் வெளியானபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். எதிர்த்தது நன்று. எனினும் காக்கவேண்டியது பழைய சுவர் மட்டும்தானா? தியானத்திற்கென எழுந்த இடத்தில் தியானிப்போர் குறைந்தால், கட்டடம் நின்றும் ஆசிரமம் இல்லை. பயன்படுத்தாத அமைதியைப் பிறர் விலைபேசுவது இயல்பே.

இந்நாட்டில் பாலை நிலம் இல்லை என்று நாம் பாடம் சொல்கின்றோம். இளங்கோவடிகள் வேறு சொல்கிறார்: முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அவ்விளக்கத்தின்படி நம்மைச் சுற்றிப் பாலை பரவிக்கொண்டே இருக்கிறது. அதைவிடக் கொடிது, ஒரு நாளில் ஒரு கணமும் தன்னோடு தான் இருந்தறியாத இளைஞனின் உள்ளத்துப் பாலை. கையிலுள்ள திறன்பேசி ஓயாது அழைக்க, தன் சினம் எதனால், தன் அச்சம் எதனால் என்று வினவவும் நேரமற்று அவன் வளர்கிறான். முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்று எழுதி முழு மதிப்பெண் பெறுகிறான், இருக்கத் தெரியவில்லை.

இறுதி மறுப்பு, தேர்வு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வுதான் தடை என்று அதுவரை சொன்னவர்கள், அவை நீங்கியபின் எத்தனை வகுப்புகளை மரநிழலுக்குக் கொண்டு சென்றனர்? தேர்வு போனாலும் தேர்வு மனம் போகவில்லை என்பதே உண்மை.

ஆசிரியப் பெருமக்களே, திங்களுக்கு ஒரு பாடவேளை போதும். புக்கிட் நானாஸோ, கிள்ளான் கடற்கரையோ, அதற்கும் வழியில்லையெனில் பள்ளி வேலியோரத்து அங்சானா மரமோ, ஏதேனும் ஒன்றன்முன் மாணவரை அமர்த்துங்கள். குறிப்பேடு வேண்டா, வினாத்தாள் வேண்டா, விளக்கவுரையும் வேண்டா. முதல் முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறை சலிப்பார்கள். மூன்றாம் முறை ஒருவனேனும் ஒரு பறவையைப் பார்ப்பான். அதன்பின் கபிலரைத் திறந்து படித்துக் காட்டுங்கள். மாணவர்களே, ஆசிரியர் அழைக்கும்வரை காத்திராதீர்கள். மலையும் மரமும் மணியடிப்பதில்லை. ஆயினும் அவற்றின் வகுப்பு நாள்தோறும் நடக்கிறது.