ஆபத்துக்கா கூலி?

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான ஊதிய இடைவெளியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே ஆயத்தமாக ஒரு பதில் வந்துவிடுகிறது. உயிரைப் பணயம் வைக்கும் வேலைகளை ஆண்கள் ஏற்கிறார்களாம். பெண்கள் பாதுகாப்பான வேலைகளைத் ‘தேர்ந்தெடுக்கிறார்களாம்’. ஆகவே இதில் பாகுபாடே இல்லையாம்.

இந்தத் ‘தேர்வு’ எத்தகையது என்பதை நமது நிலக்கரிச் சுரங்கங்களின் வரலாறு சொல்லும். ஜாரியாவிலும் ராணிகஞ்சிலும் ஆண் நிலக்கரியை வெட்ட, பெண் அதைக் கூடையில் அள்ளிச் சுமந்தார். 1929 முதல் படிப்படியாக விதிக்கப்பட்ட தடை 1937இல் முழுமையாயிற்று. போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் 1943இல் அதே பிரிட்டிஷ் அரசு பெண்களை மீண்டும் சுரங்கத்துக்குள் இறக்கியது. போர் முடிந்ததும் 1946இல் வெளியேற்றியது. விடுதலைக்குப் பின் 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டமும் தடையைத் தொடர்ந்தது. 2019இல்தான் அது தளர்ந்தது. அதுவும் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில், பகல் நேரத்திற்கு மட்டும். இதில் பெண் தேர்ந்தெடுத்தது எதை? பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், சுரங்கத்தைப் பாதுகாப்பானதாக்குவதைவிடப் பெண்ணை வெளியேற்றுவது மலிவானது.

ஆபத்துக்கு ஏற்பக் கூலி உயரும் என்பதாவது உண்மையா? பாதாளச் சாக்கடையில் விஷவாயு தாக்கி மடிபவர்கள் ஆண்களே, பெரும்பாலும் தலித்துகள். அவர்களது கூலியை யாரும் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. மாண்டவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2023இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நிலக்கரித் துறையின் நிரந்தரத் தொழிலாளிக்கு ஓரளவு நல்ல ஊதியம் கிடைப்பது தேசியமயத்தாலும் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற ஒப்பந்தங்களாலும்தான். அதே சுரங்கத்தில் அதே ஆபத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைக் கேளுங்கள், தெரியும்.

பெண்களின் வேலையில் ஆபத்து இல்லை என்பதும் பொய். பீடி சுற்றும் பெண் தன் வீட்டிலேயே புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே அவரது கூலி. கொரோனா காலத்தில் வீடு வீடாகச் சென்ற ஆஷா பணியாளரை அரசு ‘தன்னார்வலர்’ என்கிறது. ஊதியமல்ல, ஊக்கத்தொகைதான் அவருக்கு. நுரையீரலை மெல்ல அரிக்கும் தூள் எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பெண்களை எல்லா வேலைகளிலும், ஒப்புதலுடன் இரவுப் பணியிலும் அமர்த்தலாம் என்கிறது. வாய்ப்பு திறப்பதை வரவேற்கலாம். ஆனால் மின்சாரத்தில் இயங்கும் ஓரிடம் தொழிற்சாலையாகக் கருதப்படுவதற்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20ஆக உயர்த்தியிருப்பதும் இதே தொகுப்புதான். சங்கமோ நிரந்தர வேலையோ இல்லாத சிறு பட்டறையில், மறுத்தால் நாளை வேலை இல்லை என்ற நிலையில் ஒரு பெண் இடும் கையெழுத்தையும் நாளை இவர்கள் ‘தேர்வு’ என்றே எழுதுவார்கள்.